ஜப்பானியத் துயிற்கூடுகள்



வெளிநாடு செல்வோர்க்கு இன்றியமையாதவை மூன்று. அவை ஊர்தி, உணவு, உறையுள் என்பன. ஊர்திக்கு ஆகும் செலவை முன்னரே கணக்கிட்டுவிடலாம். உணவில் ஓரளவு சிக்கனம் செய்யலாம். பெருநகரங்களில் இரவு தங்குவதற்கு ஆகும் செலவுதான் எளிய பயணியின் கைப்பொருளைக் கரைத்துவிடுகிறது. ஏழெட்டு மணி நேரம் கண்மூடிக் கிடப்பதற்கா இவ்வளவு பணம் என்று எண்ணாத பயணி இல்லை. இக்கேள்விக்கு ஜப்பானியர் கண்ட ஒரு விடையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

அவ்விடைக்குக் காப்ஸ்யூல் விடுதி என்று பெயர். மருந்துத் தூளை அடைத்துத் தரும் சிறு கூட்டைக் காப்ஸ்யூல் என்கிறோம் அல்லவா? மருந்துக்குக் கூடு அமைந்ததுபோல, மனிதன் உறங்குவதற்கும் ஒரு கூடு அமைத்தார்கள். ஏறத்தாழ 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் அல்லது அதற்குச் சற்று மிகுந்த உயரம். இவ்வளவே அதன் அளவு. உள்ளே நிற்க இயலாது, உட்காரலாம், படுக்கலாம். மெத்தை, தலையணை, போர்வை, ஒரு விளக்கு, காற்று வந்து போக ஒரு வழி ஆகியவை இருக்கும். இத்தகைய கூடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தட்டுகளில் அடுக்கி, தேனடையின் கண்ணறைகளைப் போல வரிசையாக வைத்திருக்கிறார்கள். மேல் தட்டுக்கு ஏறச் சிறு படிகள் உண்டு.

இக்கூடுகள் தோன்றிய வரலாறு சுவையானது. 1960ஆம் ஆண்டில் டோக்கியோவில் உலக வடிவமைப்பு மாநாடு ஒன்று கூடியது. அப்போது ஜப்பானிய இளங் கட்டடக் கலைஞர் சிலர் ஒரு புதிய கொள்கையை வெளியிட்டனர். 'மெட்டபாலிசம்' என்று அதற்குப் பெயரிட்டனர். உயிர்நூல் பயிலும் மாணவர்கள் இதனை வளர்சிதை மாற்றம் என அறிவார்கள். உடலில் பழைய அணுக்கள் கழிந்து புதியன தோன்றுகின்றன. அதுபோலவே, கட்டடத்திலும் பழுதுற்ற பகுதியைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்த இயல வேண்டும் என்பது அவர்தம் கருத்து.

அக்குழுவினருள் ஒருவர் கிஷோ குரோகாவா. 1934இல் பிறந்து 2007இல் மறைந்தவர். அவர் வரைந்த திட்டப்படி 1972இல் டோக்கியோவில் நாககின் காப்ஸ்யூல் கோபுரம் எழுந்தது. இரு தூண்களைச் சுற்றி 140 பெட்டி அறைகள் பொருத்தப்பட்டிருந்தன. ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்கு ஒரு முறை அவற்றை மாற்றிக்கொள்ளலாம் என்பது எண்ணம். ஒரு முறைகூட அவை மாற்றப்படவில்லை. 2022இல் அக்கோபுரம் கழற்றி எடுக்கப்பட்டது. சில கூடுகள் மட்டும் செப்பனிடப்பட்டு அருங்காட்சியகங்களைச் சேர்ந்தன. ஆயினும் அக்கருத்து மற்றொரு வடிவில் நிலைபெற்றது. 1979ஆம் ஆண்டில் ஓசாகா நகரத்து உமேதா பகுதியில் உலகின் முதல் காப்ஸ்யூல் விடுதி திறக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவரும் குரோகாவாவே.

அந்நாளில் இவ்விடுதிகளுக்கு வந்தவர் யார்? அலுவலகப் பணியாளர்களே. நகரின் நடுவே நிலத்தின் விலை மிகுதியாகையால் அவர்களின் வீடுகள் தொலைவில் இருந்தன. இரவு நெடுநேரம் பணி செய்வார்கள். பின்னர் உடன் பணியாற்றுவோருடன் உண்டு பேசியிருப்பார்கள். நள்ளிரவையொட்டி இரயில்கள் நின்றுவிடும். மீண்டும் ஓடத் தொடங்குவது காலை ஐந்து மணியளவில்தான். வாடகைக் காரில் வீடு செல்வதென்றால் பெருஞ்செலவு. அந்த இடைவேளைக்கு ஒரு படுக்கை போதும் என்பதே இவ்விடுதியின் அடிப்படை. நெடுங்காலம் பெரும்பாலான விடுதிகள் ஆடவர்க்கு மட்டுமே உரியனவாக இருந்தன. இன்று மகளிர்க்குத் தனி மாடிகள் அமைந்த விடுதிகள் பல உள்ளன. வெளிநாட்டு மாணவர்களும் எளிய பயணிகளும் மிகுதியாக வருகிறார்கள். ஓர் இரவுக்கு 3,000 முதல் 5,000 யென் வரையில் கிடைக்கும் இடங்கள் பல.

பணி ஓய்வுக்குப்பின் ஜப்பான் சென்றிருந்த நான், ஓசாகாவிலும் டோக்கியோவிலும் சில இரவுகளை இவ்விடுதிகளில் கழித்தேன். அங்கு நடைமுறை இவ்வாறு: வாயிலிலேயே காலணியைக் கழற்றிச் சிறு பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். பணம் செலுத்தியவுடன், உடைமைகளை வைக்கும் பூட்டுப் பெட்டியின் சாவியைத் தருவார்கள். அதனை மணிக்கட்டில் அணிந்துகொள்ளலாம். மாற்றுடையும் துவாலையும் கிடைக்கும். அடுத்துப் பொதுக் குளியலறை. முதலில் உடம்பை நன்கு தேய்த்துக் கழுவித் தூய்மை செய்துகொண்ட பின்னரே வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். ஒரே நீரில் பலர் அமர்வதால் இவ்விதி. குளித்து முடித்துப் பல் துலக்கித் தத்தம் கூட்டுக்குள் புகுவார்கள்.

கூட்டின் வாயிலில் பூட்டில்லை. ஒரு திரை மட்டுமே தொங்குகிறது. நாற்பது ஐம்பது பேர் உறங்கும் கூடத்தில், முன்பின் அறியாத ஒருவரது தலைக்கும் என் தலைக்கும் இடையே மெல்லிய தடுப்பு ஒன்றே இருந்தது. அங்கு எவரும் உரத்துப் பேசவில்லை. உண்ண வேண்டுவோரும் தொலைபேசியில் பேச வேண்டுவோரும் பொதுக்கூடத்துக்குச் சென்றனர். விடியலில் புறப்பட வேண்டியவர் முன்னிரவிலேயே பையை ஒழுங்கு செய்து வெளியே வைத்துவிட்டார். குறட்டை ஒலி மட்டும் எந்த விதிக்கும் கட்டுப்படவில்லை. அதற்குச் செவியடைப்பான் உண்டு. இடம் குறையக் குறையப் பிறர் நலம் கருதும் பண்பு மிகவேண்டும் என்பதை அங்கே கண்கூடாகக் கண்டேன். பள்ளி விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதுவரை கூறியது இவ்விடுதியின் ஒரு பக்கம். மறுபக்கத்தையும் கூற வேண்டும்.

டோக்கியோவில் நான் தங்கிய விடுதியின் பொதுக்கூடத்தில் ஏறத்தாழ என் வயதினரான ஒருவர் அமர்ந்து, துவைத்த சட்டையைப் பொறுமையாக மடித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தேநீர் எடுத்துக்கொள்ளும் இடத்தைக் காட்டியவரும் அவரே. அரைகுறை ஆங்கிலத்தில், எத்தனை இரவு தங்குவேன் என வினவினார். நான் இரண்டு விரல்களைக் காட்டினேன். தாங்கள் எத்தனை இரவு என்று திருப்பிக் கேட்டேன். அவர் விரல்களைக் காட்டவில்லை. சுவரில் தொங்கிய மாத நாட்காட்டியைக் காட்டினார். பிறகு அதன் தாள்களைப் புரட்டுவதுபோலக் கையை அசைத்தார். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

2008ஆம் ஆண்டில் உலகெங்கும் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டது. ஜப்பானில் தற்காலிகத் தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். அவர்களுள் பலர் தொழிற்சாலை தந்த தங்குமிடங்களில் வாழ்ந்தவர்கள். ஆகவே வேலை போன அன்றே வீடும் போயிற்று. அவ்வாண்டின் இறுதி நாளன்று டோக்கியோ ஹிபியா பூங்காவில் தொண்டர்கள் கூடாரம் அமைத்து, வீடற்றோர்க்கு உணவும் உறைவிடமும் அளித்தனர். புதிதாக வீடு வாடகைக்கு எடுப்பதோ எளிதன்று. முன்பணம் வேண்டும், வீட்டுக்காரருக்குத் திருப்பித் தரப்படாத அன்பளிப்புத் தொகை வேண்டும், பிணை நிற்க ஒருவர் வேண்டும். இவை இல்லாதவர் சிலர் காப்ஸ்யூல் விடுதிகளில் மாதக் கணக்கில் குடியிருந்தனர். ஓர் இரவைக் கழிப்பதற்கென எழுந்த கூடு, அவர்களுக்கு வீடாயிற்று.

மாணவர்களே, எனக்குக் கிடைத்த கூடும் அப்பெரியவருக்குக் கிடைத்த கூடும் அளவில் ஒன்றே. மெத்தையும் விளக்கும் ஒன்றே. காலையில் பையை எடுத்துக்கொண்டு புறப்படும் எனக்கு அது சிக்கனம். செல்வதற்கு வேறிடம் இல்லாதவர்க்கு அது வறுமை. நம் தேவையை நாமே குறைத்துக்கொண்டால் அதனை எளிமை என்று போற்றலாம். பிறருடைய தேவையைச் சூழ்நிலை வெட்டிக் குறைக்கும்போது, அதையும் எளிமை என்று புகழ்தல் அறமாகாது. நகர்களைத் திட்டமிடும் பொறியாளராகவும் அலுவலராகவும் நாளை உங்களுள் பலர் வருவீர்கள். ஒரு மனிதன் உறங்க எவ்வளவு இடம் போதும் என்று கணக்கிடும்போது, அவன் வாழ எவ்வளவு இடம் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஜப்பான் செல்லும் வாய்ப்பு உங்களுக்கு வாய்க்குமாயின், ஓர் இரவேனும் இவ்விடுதியில் தங்கிப் பாருங்கள். சிறிய பையோடு செல்லுங்கள். பெரிய பெட்டி அங்குள்ள பூட்டுப் பெட்டியில் அடங்காது. இரயில் நிலையங்களில் காசு செலுத்திப் பூட்டும் பெட்டிகள் உள்ளன. காலை பத்து மணியளவில் கூட்டை விட்டு வெளியேற வேண்டியிருக்கும். அடுத்த இரவும் அங்கேயே தங்குவோர்க்கும் பல விடுதிகளில் இதுவே விதி. அடைபட்ட இடத்தை அஞ்சுவோர் வேறு விடுதியை நாடுவது நலம். முதியோருடன் சென்றால் கீழ்த் தட்டைக் கேட்டுப் பெறுங்கள். பொதுக்கூடத்தில் எவரேனும் தனித்து அமர்ந்திருக்கக் கண்டால், தலைதாழ்த்தி ஒரு வணக்கம் சொல்லுங்கள். அந்நாட்டில் அதற்கு மொழி தெரிந்திருக்க வேண்டுவதில்லை.