அமெரிக்கக் கால்பந்து வழக்குகளும் கறுப்பின ஆட்டக்காரர்களும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



அமெரிக்க நாட்டுத் தொழில்முறைக் கால்பந்துக் குழுக்களின் வழக்குகளைப் பற்றி நம் சங்க விழாவில் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். 1946ஆம் ஆண்டில் டாக்டர் அம்பேத்கர் அவர்கள், கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த விண்ணப்பத்தின் படிகளை அனுப்பித் தருமாறு அதில் கேட்டார். அவர்தம் நிலைக்கும் நம் நிலைக்கும் ஒப்புமை மிகுதியாதலின், அவர்களைப் பற்றிக் கற்பது நமக்குத் தேவை என்பது அண்ணல் அவர்களின் கருத்து. அவர் கேட்டது வெறும் செய்தியன்று. விண்ணப்பத்தின் வாசகத்தையே கேட்டார் என்பதை மாணவர்கள் உளங்கொள்ள வேண்டும். நாமும் இன்று சில வழக்குகளின் உள்ளே புகுந்து பார்ப்போம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல். பெயர் கால்பந்து என்றாலும் அஃது நம் ஊர்த் திடல்களில் ஆடப்படுவதன்று. முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடுவர். எதிரணியினர் உடலோடு உடல் மோதி வீழ்த்துவர். தலையில் கவசம் அணிந்தும் மூளை குலுங்கும் அடிகள் விழும். இவ்வாட்டத்தை நடத்தும் தேசியக் கால்பந்து லீக் 1920இல் தோன்றியது. இன்று 32 குழுக்கள் அதில் உள்ளன. ஆட்டக்காரர்களுள் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர்.

ஆயினும் 1934 முதல் 1945 வரை அந்த லீகில் ஒரு கறுப்பினத்தவரும் ஆடவில்லை. எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை; முதலாளிகளின் மனத்தில் விதி இருந்தது. 1946இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் குடிபெயர்ந்த ராம்ஸ் குழு, அங்கிருந்த பெரிய பொது விளையாட்டரங்கைக் கேட்டது. மக்கள் வரிப்பணத்தில் கட்டிய அரங்கில் கறுப்பினத்தவரை ஒதுக்கும் குழு ஆடலாகாது என்று கறுப்பினப் பத்திரிகையாளர்கள் வாதிட்டனர். அதன் பயனாகக் கென்னி வாஷிங்டன் என்பவர் சேர்க்கப்பட்டார். தலைநகர் வாஷிங்டனின் குழுவோ 1962 வரை பிடிவாதமாக நின்றது. அதன் புதிய அரங்கு மைய அரசின் நிலத்தில் இருந்ததால், அரசு நெருக்கிய பின்னரே அது பணிந்தது. பொதுச் சொத்தின்மீது நமக்கும் உரிமை உண்டு என்னும் வாதத்தின் வலிமை அத்தகையது.

இனி வழக்குகளுக்கு வருவோம். முதல் பெரிய வழக்கைத் தொடுத்தவர் வெள்ளையரான பில் ராடோவிச். டெட்ராய்ட் குழுவில் ஆடிய அவர், நோயுற்ற தந்தைக்கு அருகில் இருக்க விரும்பி லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாற்றம் கேட்டார்; மறுக்கப்பட்டது. 1946இல் போட்டி லீக் ஒன்றின் குழுவில் சேர்ந்தார். அதற்காக அவர் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறியது. 1948இல் அவருக்குக் கிடைக்கவிருந்த வேறொரு வேலையும் பறிபோனது. 1957இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறு நீதிபதிகளுக்கு மூவர் என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கால்பந்து ஒரு வணிகமே, ஏகபோகத் தடைச் சட்டம் அதற்கும் பொருந்தும் என்பது தீர்ப்பின் சாரம்.

அடுத்து நாம் அறிய வேண்டியவர் ஜான் மேக்கி. பால்டிமோர் குழுவின் புகழ்பெற்ற கறுப்பின ஆட்டக்காரர். ஆட்டக்காரர் தொழிற்சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். அக்காலத்தில் லீகின் கமிஷனர் ரோசெல் பெயரால் ஒரு விதி வழங்கியது. ஒப்பந்தக் காலம் முடிந்த ஆட்டக்காரர் ஒருவரை வேறு குழு சேர்த்துக்கொண்டால், பழைய குழுவிற்கு அது ஈடு தரவேண்டும். இரு குழுக்களும் உடன்படாவிடில் ஈட்டைக் கமிஷனரே நிர்ணயிப்பார். என்ன விலை விழுமோ என்று அஞ்சிய குழுக்கள் பிறர் ஆட்டக்காரரை நாடவில்லை. 1963 முதல் 1974 வரை ஒப்பந்தம் முடித்து வெளிவந்தோர் 176 பேர். அவருள் வேறு குழுவில் சேர்ந்தோர் 34 பேரே. கமிஷனர் ஈடு நிர்ணயித்தது நான்கே முறை. நான்கு முறை ஓங்கிய கோல் மற்றவர்களையெல்லாம் அடக்கி வைத்தது!

1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதி சட்டத்திற்குப் புறம்பானது என்றது. வெற்றி முழக்கம் எழுந்தது. ஆனால் மறு ஆண்டே, 1977இல், தொழிற்சங்கம் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தத்தில் அதே விலங்கு வேறு வடிவில் திரும்பி வந்தது. வேறு சில பலன்களுக்காக அதைச் சங்கமே ஏற்றுக்கொண்டது. பின்னர் 1992இல் ஃப்ரீமன் மக்னீல் முதலிய எட்டுப் பேர் வழக்காடி வென்று, 1993இல் வந்த உடன்பாட்டின் மூலமே ஆட்டக்காரர் விரும்பிய குழுவிற்குச் செல்லும் உரிமை நிலைபெற்றது. நீதிமன்றத்தில் வென்றதை ஒப்பந்த மேசையில் இழந்து, மீட்கப் பதினாறு ஆண்டுகள் ஆயின. வழக்கிற்குத் தம் பெயரைத் தந்த மக்னீலுக்கு ஜூரிகள் இழப்பீடாக ஒரு டாலரும் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மேக்கியின் முடிவு துயரமானது. முதுமைக்கு முன்பே மறதி நோய் அவரைப் பற்றியது. அவர் அணிந்த 88ஆம் எண்ணின் பெயரால், அந்நோயுற்ற பழைய ஆட்டக்காரர்களைப் பேண 2007இல் ஒரு நிதித் திட்டம் ஏற்பட்டது. 2011 ஜூலையில் அவர் மறைந்தார். அதே ஆண்டில்தான், தலையடியின் தீங்கை லீக் மறைத்தது என்று பழைய ஆட்டக்காரர்கள் வழக்குகளைத் தொடுக்கலாயினர். அதற்கு முன்பே, நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, 2002இல் இறந்த மைக் வெப்ஸ்டர் என்னும் ஆட்டக்காரரின் மூளையை ஆராய்ந்து, தொடர்ந்த அடிகளால் விளைந்த சிதைவைக் கண்டு 2005இல் வெளியிட்டிருந்தார்.

வழக்குகள் பிலடெல்பியா நீதிபதி அனிடா பிராடியிடம் ஒன்றுசேர்ந்தன. 2013இல் லீக் 76 கோடியே 50 லட்சம் டாலர் தர முன்வந்தது. இத்தொகை அனைவருக்கும் போதுமா என்று ஐயுற்ற நீதிபதி முதலில் ஏற்க மறுத்தார். பின்பு உச்சவரம்பு நீக்கப்பட்டு, 2015இல் உடன்பாடு ஏற்கப்பட்டது. இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட பழைய ஆட்டக்காரர்களுக்கு உரியது அது. இதுவரை வழங்க ஒப்பிய தொகை நூறு கோடி டாலரைக் கடந்துவிட்டது.

இங்கேதான் நீங்கள் கூர்ந்து கேட்க வேண்டும். மறதி நோய்க்கு ஈடு பெற, நினைவாற்றல் முதலியவற்றை அளக்கும் தேர்வுகளை எழுத வேண்டும். ஒருவருடைய அறிவாற்றல் எவ்வளவு வீழ்ந்தது என்று கூற, முன்பு எவ்வளவு உயர்ந்திருந்தது என்று தெரிய வேண்டுமல்லவா? அதை முன்னரே எவரும் அளந்து வைக்கவில்லை. ஆகவே அவரை ஒத்தவர்களின் சராசரியை அட்டவணையிலிருந்து எடுத்தனர். வயது, பால், கல்வி ஆகியவற்றோடு இனமும் அந்த அட்டவணையில் ஒரு பத்தியாக இருந்தது. கறுப்பினத்தவர் தொடக்கத்திலேயே குறைந்த ஆற்றல் உடையவர் என்பது அப்பத்தியின் பொருள்.

விளக்கத்திற்காக நாமே இட்ட எண்களைக் கொண்டு பார்ப்போம். வெள்ளையர் ஒருவரும் கறுப்பினத்தவர் ஒருவரும் தேர்வில் நாற்பது மதிப்பெண்ணே பெறுகின்றனர். வெள்ளையரின் பழைய நிலை அறுபது என்று அட்டவணை கொள்கிறது. இருபது வீழ்ந்தது, நோயாளி, ஈடு உண்டு. கறுப்பினத்தவரின் பழைய நிலை ஐம்பது என்று கொள்கிறது. பத்துத்தான் வீழ்ந்தது, நோயில்லை, வீட்டிற்குப் போகலாம். ஒரே விடைத்தாள், இரு முடிவுகள்.

இந்த அட்டவணையை ஆக்கியோர் தீய எண்ணத்தினர் என்று நாம் கூறவில்லை. நலமாயிருக்கும் கறுப்பினத்தவரை நோயாளி என்று தவறாக முத்திரை குத்தாமலிருக்கவே மருத்துவத் துறையில் அது புகுந்தது. ஆனால் கல்வியையும் வயதையும் கணக்கிட்ட பிறகும் நிறத்திற்கென ஒரு கழிவு எதற்கு? நோயைக் கண்டறியும் அறையில் காப்பாக இருந்தது, ஈட்டுத்தொகை வழங்கும் வாயிலில் தடையாக நின்றது. "இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் வரும்" என்னும் பேச்சை வகுப்பறைகளில் கேட்டு வளர்ந்த நமக்கு இதன் உட்பொருள் விளங்காமற் போகாது. அங்கே அப்பேச்சு எண்களாக அச்சேறியிருந்தது, அவ்வளவே வேறுபாடு.

நஜே டேவன்போர்ட், கெவின் ஹென்றி என்னும் இரு கறுப்பின ஆட்டக்காரர்கள் 2020 ஆகஸ்டில் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். டேவன்போர்ட்டைச் சோதித்த மருத்துவர் அவர் ஈட்டிற்குத் தகுதியுடையவர் என்றே கூறியிருந்தார். இன அட்டவணையைப் பயன்படுத்தவில்லை என்று காட்டி லீக் மேல்முறையீடு செய்தது. அந்த அட்டவணை கட்டாயமன்று, மருத்துவரின் விருப்பம் என்று கூறியதும் அதே லீக்தான்!

2021 மார்ச்சில் நீதிபதி அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தார். எனினும் இருதரப்பும் அமர்ந்து இச்சிக்கலைத் தீர்க்க வேண்டும் என்று ஆணையிட்டார். வழக்குத் தோற்றது என்று அவர்கள் வீட்டில் அமர்ந்துவிடவில்லை. ஆட்டக்காரர்களின் குடும்பத்தார், குறிப்பாக மனைவியர், ஏறத்தாழ ஐம்பதாயிரம் கையொப்பங்களைத் திரட்டி மே மாதத்தில் நீதிமன்றத்திற்குக் கொண்டு சென்றனர். ஜூன் மாதத்தில் லீக் அம்முறையைக் கைவிடுவதாக அறிவித்தது. பாகுபாடு இல்லை என்று முன்னர் கூறிவந்த ஆட்டக்காரர் தரப்புத் தலைமை வழக்கறிஞரும் வருத்தம் தெரிவித்தார். 2022 மார்ச்சில் திருத்திய உடன்பாட்டை நீதிபதி ஏற்றார். பழைய தேர்வுகளை இன அட்டவணையின்றி மீண்டும் மதிப்பிட்டபோது, முன்பு திருப்பி அனுப்பப்பட்ட பல நூறு பேர் ஈட்டிற்கோ மேற்கொண்டு மருத்துவக் கவனிப்பிற்கோ தகுதி பெற்றனர். 2015இல் உடன்பாடு ஏற்கப்பட்டபோதே அந்த ஒரு பத்தியை எவரேனும் விரல் வைத்துக் காட்டியிருந்தால் அவ்வளவு பேர் ஏழாண்டு காத்திருக்க நேர்ந்திராது. நம் மாணவர்களுள் கணக்கிலும் புள்ளியியலிலும் தேர்ந்தோர், வழக்கறிஞருக்கு இணையாக இத்தகைய தாள்களைப் படிக்க முன்வர வேண்டும் என்று நாம் விழைவது இதனாற்றான்.

ஆடுவோருள் பெரும்பான்மையினராய் இருப்பினும், ஆட்டுவிப்போருள் கறுப்பினத்தவர் அரியர். 2022 பிப்ரவரியில் பிரையன் ஃபுளோரஸ் என்னும் கறுப்பினப் பயிற்சியாளர் லீகின்மீதும் சில குழுக்களின்மீதும் வழக்குத் தொடுத்தார். 2003 முதல் ஒரு விதி உண்டு. தலைமைப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்குமுன் சிறுபான்மை இனத்தவரையும் நேர்காண வேண்டும் என்பது அது. நியூயார்க் குழு ஆளைத் தேர்ந்தெடுத்த பின்னரே தம்மைப் பெயருக்கு நேர்காணலுக்கு அழைத்தது என்பது அவர் குற்றச்சாட்டு. குழு அதனை மறுத்தது. அவ்வாண்டு வழக்குத் தொடுத்த நாளில் 32 குழுக்களில் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஒருவரே இருந்தார். இது நீதிமன்றத்திற்கு உரியதன்று, மத்தியஸ்தத்திற்கு உரியது என்று லீக் வாதாடியது. மத்தியஸ்தர் யார் என்றால், லீகின் கமிஷனரே! 2025 ஆகஸ்டில் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம், பெயரளவில்தான் அது மத்தியஸ்தம் என்று கூறி அவ்வாதத்தை ஏற்க மறுத்தது.