அது அல்ல, அவர்

(பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலை முடிந்த கையோடு, தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்து அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, இளைஞர்களே. இன்று நான் சம்பளத்தைப் பற்றியோ வீட்டுப் பிரச்சினையைப் பற்றியோ பேசப்போவதில்லை. உங்கள் பிள்ளைகள் இரவில் விளையாடும் கணினி விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். இதுவும் ஒரு விசயமா என்று நினைக்காதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

என் அக்காள் மகன் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். அவனோடு படிக்கும் ஒரு பிள்ளை மாலையில் வீட்டுக்கு வரும். இருவரும் ஒரே கணினியில் 'டெல்டாரூன்' என்ற விளையாட்டை விளையாடுவார்கள். அதில் கிரிஸ் என்று ஒரு பாத்திரம். ஒருநாள் நான், "இது பையனா, பொண்ணா?" என்று கேட்டேன். "ரெண்டும் இல்ல, அது ஒரு மாதிரி" என்று சொல்லிச் சிரித்தான் அக்காள் மகன். நானும் சிரித்தேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து வீட்டுக்கு வரவும் இல்லை.

சில வாரம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. தன்னை ஆண் என்றோ பெண் என்றோ உணர முடியவில்லை என்று அந்தப் பிள்ளை தன் தாயாரிடம் மட்டும் சொல்லியிருந்தது. தன்னைப் போல ஒருவரை அது முதன்முதலில் பார்த்தது அந்த விளையாட்டில்தான். நாங்கள் சிரித்தது கிரிஸைப் பார்த்து அல்ல. அந்தப் பிள்ளையைப் பார்த்து. இதை இங்கே சொல்லலாமா என்று கேட்டு, ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன்.

கிரிஸ் யார் என்று பார்ப்போம். டோபி ஃபாக்ஸ் என்ற அமெரிக்கர் 2015-ல் 'அண்டர்டேல்' என்ற விளையாட்டை வெளியிட்டார். அதன் நாயகப் பாத்திரம் ஃபிரிஸ்க். 2018-ல் டெல்டாரூனின் முதல் பகுதி வந்தது, அதில் கிரிஸ். இந்த இருவரையும் கதையில் யாரும் 'அவன்' என்றோ 'அவள்' என்றோ சொல்வதில்லை. கிரிஸை வளர்த்த தாயும் தோழி சூசியும்கூட ஆங்கிலத்தில் 'தே' என்றே சொல்கிறார்கள். 2019-ல் வந்த 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' விளையாட்டில் பிளட்ஹவுண்ட் இருக்கிறார். 2024-ல் 'ஓவர்வாட்ச் 2' விளையாட்டில் சேர்க்கப்பட்ட வென்ச்சர், கனடா நாட்டுத் தொல்லியல் ஆய்வாளர். இவர்களும் அப்படித்தான் குறிப்பிடப்படுகிறார்கள்.

ஆனால் ரசிகர் கூட்டத்தில் என்ன நடக்கிறது? "அதெல்லாம் இல்லை, கிரிஸ் பையன்தான்" என்று சிலர் அடம்பிடிக்கிறார்கள். "விளையாடுபவர் தன் இஷ்டப்படி நினைத்துக்கொள்ளலாம்" என்று சிலர் வாதாடுகிறார்கள். கதையே இதற்குப் பதில் சொல்கிறது. அண்டர்டேலில் தொடக்கத்தில் நாம் ஒரு பெயர் வைக்கிறோம். அது நாம் நடத்திச் செல்லும் பிள்ளையின் பெயர் அல்ல, வேறொரு பிள்ளையின் பெயர் என்பது கடைசியில்தான் தெரியவருகிறது. டெல்டாரூனின் முதல் பகுதி முடியும்போது, தன்னை ஆட்டிவைக்கும் அந்தச் சிவப்பு இதயத்தைக் கிரிஸ் தன் கையாலேயே பிடுங்கி எறிகிறார். 'நான் உன் பொம்மை அல்ல' என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

"வெறும் விளையாட்டுத்தானே, இதற்கு ஏன் இவ்வளவு?" என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. 2011-ல் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு 'இன்டர்லோக்' நாவல் பாடமாக வைக்கப்பட்டது. அதில் நம் முன்னோரைச் சாதியின் பெயரால் குறிப்பிட்ட பகுதிகளை நாம் எதிர்த்தோம். அப்போதும் "வெறும் கதைதானே" என்றார்கள். வகுப்பறையில் நம் பிள்ளைகள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது நமக்குத்தான் தெரியும். அந்த ஆண்டு இறுதியில் நாவல் மீட்டுக்கொள்ளப்பட்டது. கதையில் ஒருவரை எப்படிச் சொல்கிறோம் என்பது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் போய்ச் சேரும். அன்று நாம் கேட்ட மரியாதையை இன்று இன்னொருவருக்குக் கொடுக்க மறுக்கலாமா?

இதற்காகப் புதிய மொழி கற்க வேண்டியதில்லை. நாம் தினமும் பேசும் மலாய் மொழியில் 'டியா' என்ற ஒரே சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். தமிழில் 'அவர்' இருக்கிறது. 'வந்தார்' என்றால் வந்தவர் ஆணா பெண்ணா என்று யாரும் கேட்பதில்லை. ஆண், பெண் என்ற வரம்பில் அடங்காதவர்களையும் தொல்காப்பியம் உயர்திணையில்தான் வைத்தது.

'அது' என்ற சொல்லில் மட்டும் கவனம் தேவை. "பிள்ளை தூங்குது" என்று நாம் பாசத்தோடு சொல்வோம். நானும் இவ்வளவு நேரம் "பிள்ளை வரும்" என்றுதான் சொன்னேன். அதில் குற்றமில்லை. ஆனால் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை என்ற காரணத்துக்காக ஒருவரை 'அது' என்றால், அவரை மனிதக் கணக்கிலிருந்தே தள்ளுகிறோம் என்று பொருள்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. யாராவது தெரியாமல் 'அவன்' என்று எழுதிவிட்டால், கூட்டமாகப் போய்த் திட்டாதீர்கள். ஒருமுறை பொறுமையாகச் சொல்லுங்கள். நானே தப்பாகச் சிரித்தவன்தான். எனக்கும் ஒருவர் சொல்லித்தான் புரிந்தது.

பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் பிள்ளையின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். "இவர் யார்? என்ன கதை?" என்று கேளுங்கள். 'இவர்' என்றே கேளுங்கள். பிள்ளை உங்களிடம் எதைச் சொல்லலாம், எதை மறைக்க வேண்டும் என்பதை அந்த ஒரு சொல்லிலிருந்துதான் முடிவு செய்யும்.

என் அக்காள் மகன் நேரில் போய் மன்னிப்புக் கேட்டான். அந்தப் பிள்ளை மறுபடியும் வீட்டுக்கு வந்தபோது, "உன்னை நான் எப்படிச் சொல்லட்டும்?" என்று கேட்டேன்.

"பேரைச் சொல்லுங்க மாமா, போதும்" என்ற பதில் வந்தது.

அவ்வளவுதான் கேட்கிறார்கள். அதையாவது நாம் கொடுப்போம்.