குழந்தைக்குக் குடலிறக்கம்

குழந்தை வீறிட்டு அழும்போது அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில் ஒரு புடைப்பு தெரியும், தூங்கினால் மறையும். மறைந்துவிடுகிறதே என்று பல வீடுகளில் அதை விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது.

ஆண் சிசு கருவில் இருக்கும்போது, விதைகள் வயிற்றுக்குள்ளிருந்து கீழே இறங்குகின்றன. அந்த வழி பிறப்பையொட்டி மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் குடல் அதில் நழுவி இறங்கும். குறைமாதக் குழந்தைகளிடம் இது அதிகம். பெண் குழந்தைகளுக்கும் வரும். தானாகச் சரியாகாது, பெல்ட் கட்டியும் பயனில்லை; அறுவை சிகிச்சைதான் தீர்வு.

லேப்ராஸ்கோப்பி முறையில், தொப்புள் வழியே 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேமராவைச் செலுத்திப் பார்த்தபடி, அந்தத் திறப்பை நூலால் சுருக்குப்பை வாய்போல இறுக்கிக் கட்டுகிறார்கள். பெரியவர்களுக்கு வைக்கும் வலை பொதுவாகத் தேவைப்படாது. இங்கே கோளாறு தசையில் இல்லை, மூடாத வழியில்தான். இதில் எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று: அதே கேமரா மறுபக்கத்தையும் காட்டிவிடும். அங்கும் திறந்திருந்தால் அதே மயக்கத்திலேயே மூடிவிடலாம். இடுப்பு மடிப்பில் சிறிதாகக் கீறிச் செய்யும் பழைய முறையும் நல்லதுதான்.

புடைப்பு கெட்டியாகி உள்ளே போகாமல், குழந்தை வாந்தியெடுத்து அழுதால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிக்கிய குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோகலாம். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.