நிலத்துக்கு ஒத்தி, பிள்ளைக்கு முன்பணம்

(சின்ன காஞ்சிபுரத்தில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிலக்கடன் பத்திரங்களை ஆய்வு செய்யும் முனைவர் பட்ட மாணவன் நான். நாம் ஒத்தி, போக்கியம் என்று சொல்வதை 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 58(டி) பிரிவு வரையறுக்கிறது. கடன் கொடுத்தவர் நிலத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு, விளைச்சலை வட்டிக்கு ஈடாக எடுத்துக்கொள்ளலாம். விளைச்சலை அசலில் கழிக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. ஆனால் நிபந்தனையைச் சொல்பவர் பணம் வைத்திருப்பவர். அதனால் எத்தனை போகம் அறுத்தாலும் அசல் அப்படியே நிற்கிறது.

"முப்பது வருஷம் ஆச்சு, இனி நிலம் எனக்குத்தான்" என்று ஒத்திதாரர் மிரட்டினால் நம்பாதீர்கள். இவ்வகை அடமானத்தை மீட்பதற்கான காலக்கெடு, பத்திரம் எழுதிய நாளிலிருந்து ஓடாது என்று 2014இல் சிங் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பஞ்சமி நிலத்துக்கு விதி இன்னும் கடுமையானது. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த ஆணையின் கீழ் வழங்கப்பட்ட நிலங்கள் அவை. முதல் பத்தாண்டுகள் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே மாற்றலாம். அந்த நிலத்தை ஆதிக்க சாதியார் ஒத்திக்குப் பிடித்திருந்தால் அது நிபந்தனை மீறல்.

சரி, நிலமே இல்லாதவர் எதை அடகு வைப்பார்? பெற்ற பிள்ளையை. குழந்தையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933லேயே தனிச் சட்டம் வந்தது. ஆனாலும் எழுபது ஆண்டுகள் கழித்து, 2003இல், முன்பணத்துக்காகப் பட்டுத் தறிகளில் சிக்கிய குழந்தைகளைப் பற்றி மனித உரிமைகள் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கையில் நம் காஞ்சிபுரமும் இருந்தது. கோர்வைச் சேலைக்குக் கரை நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். பல வீடுகளில் அது குழந்தையின் கையாக இருந்தது. கூலியில் வட்டி கழிந்தது, முன்பணம் கழியவில்லை. இங்கே ஒத்திக்குப் போனது குழந்தைப் பருவம்.

1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இந்தக் கணக்கையே அழிக்கிறது. 6ஆம் பிரிவின்படி கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தரவேண்டியதில்லை. 7ஆம் பிரிவின்படி அந்தக் கடனுக்காக அடமானம் போன சொத்தும் விடுபடுகிறது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு, 15ஆம் பிரிவின்படி கடன் கொடுத்தவருடையது.

கடன் வாங்கியவர், கொடுத்தவர் என்று இரண்டு பேரைத்தான் சட்டம் பார்க்கிறது. நாம் ஊரையும் சேரியையும் பார்க்கிறோம். பத்திரம் ஊரில் இருக்கிறது. அதைப் படித்துக் கேள்வி கேட்கும் ஆள் சேரியில் இருக்க வேண்டும். ஒத்திச் சீட்டோ முன்பணக் கணக்கோ எது இருந்தாலும் எடுத்து வாருங்கள், உட்கார்ந்து படிப்போம். கோட்டாட்சியரிடம் மனுவோடு சேர்ந்தே போவோம்.

ஜெய்பீம்.