குழியை மூடிய பிறகு

அகழ்வாய்வுக்கென்று கிடைக்கும் பணம் பெரும்பாலும் குழியோடு தீர்ந்துபோகிறது. கூலி, கூடாரம், வாகனம், சாப்பாடு என்று அதற்குக் கணக்கு உண்டு. குழியை மூடிய பிறகு வரும் வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை, காசும் கிடைப்பதில்லை. மட்பாண்டத் துண்டுகளைக் கழுவி இலக்கமிட வேண்டும். வரைபடங்களைச் செப்பனிட வேண்டும். கரித்துண்டுகளைக் காலக்கணிப்புக்கு அனுப்ப வேண்டும். எலும்பையும் விதையையும் இனங்கண்டு, கடைசியில் அறிக்கையை அச்சேற்ற வேண்டும். தோண்டிய காலத்தைவிட இதற்குப் பல மடங்கு காலம் பிடிக்கும். அறிக்கை வராத அகழ்வாய்வை ஆய்வு என்று சொல்வதே கடினம். வெட்டி எடுத்த மண்ணடுக்கை யாராலும் திரும்ப அடுக்கிவைக்க முடியாது.

இலங்கையில் இதற்குப் பெரிய உதாரணம் மாந்தை. மன்னார்த் தீவுக்கு எதிரே, திருக்கேதீச்சரக் கோயில் இருக்கும் மேடுதான் பழைய மாதோட்டத் துறைமுகம். 1980இல் ஜோன் கார்ஸ்வெல், சிரான் தெரணியகல, அலன் கிரஹாம் ஆகியோர் அங்கே அகழ்வைத் தொடங்கினார்கள். சீனப் பீங்கானும் மேற்காசிய மெருகுப் பாண்டமும் ஒரே மேட்டில் கிடைத்தன. 1984இல் யுத்தம் வேலையை நிறுத்தியது. முழு அறிக்கை நூலாக வந்தது 2013இல். இடையில் 29 ஆண்டுகள்! இதே தெரணியகல 1969இல் அநுராதபுரத்தில் கெடிகே பகுதியைத் தோண்டி, 1972இலேயே தொல்பொருள் திணைக்களத்தின் ‘ஏன்சியன்ட் சிலோன்’ இதழில் அறிக்கையை வெளியிட்டவர். ஆகவே ஆளின் சோம்பலை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. சிறிய அகழ்வு, கைக்கெட்டும் தூரத்தில் சேகரிப்பு, அச்சிட ஒரு திணைக்கள இதழ்: இந்த மூன்றும் இருந்தால் வேலை முடிகிறது.

மாந்தையின் கதை அந்த நூலோடு முடியவில்லை. யுத்தம் ஓய்ந்ததும் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அங்கே மறுபடி சில குழிகள் வெட்டப்பட்டன. இம்முறை மண்ணை வீசிவிடவில்லை. வாளித் தண்ணீரில் மண்ணைக் கரைத்தால் கல்லும் ஓடும் அடியில் தங்கும். கருகிய விதைகள் மேலே மிதந்து வரும். அவற்றை மெல்லிய வலையில் வடித்து, நிழலில் உலர்த்தி, நுணுக்குக்காட்டியின் கீழ் ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். வாளிக்கும் வலைக்கும் பெரிய செலவில்லை. மாதக்கணக்கில் குனிந்திருந்து விதை பார்க்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதுதான் செலவு. ஐரோப்பிய ஆய்வுச் சபையின் பணத்தில் ஒக்ஸ்போர்டிலிருந்து நடந்த ‘சீலிங்க்ஸ்’ திட்டம் அந்தச் செலவுக்குக் கைகொடுத்தது. 

கிடைத்தவை என்னென்ன? நெல் நிறைய. கூடவே இந்தச் சூட்டில் விளையாத கோதுமை, திராட்சை விதை. எட்டு மிளகு. ஒரேயொரு கராம்பு. கண்டியிலும் மாத்தளையிலும் வீட்டுக்கு வீடு கராம்பு மரம் பார்த்துப் பழகிய நேயர்கள் இதில் என்ன அதிசயம் என்று கேட்கக்கூடும். அந்த மரம் இந்த மலைக்குப் பிற்காலத்தில் வந்தது. 18ஆம் நூற்றாண்டு வரை உலகத்துக்கே கராம்பு கொடுத்தவை இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். மாந்தைக் கராம்பின் காலம் கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது. சோழர் இத்தீவை ஆண்ட காலமும் அதற்குள் வருகிறது. ஆயிரக்கணக்கான மைல் கடல் கடந்து வந்த ஒரு மொட்டு, கருகியதால் தப்பிப் பிழைத்திருக்கிறது. இது கட்டுரையாக வெளிவந்தது 2018இல். பணம் இருந்தும் எட்டு ஆண்டுகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

உள்நாட்டில் இப்படிப்பட்ட வேலைக்குப் பணம் எங்கே? 1980ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான மத்திய கலாசார நிதியம் ஒரு வழி. சீகிரியா போன்ற இடங்களில் வெளிநாட்டவர் வாங்கும் நுழைவுச் சீட்டுதான் நிதியத்தின் முக்கிய வருமானம். 2018இல் வெளிநாட்டுப் பயணிகள் 23 இலட்சம் பேர் நாட்டுக்கு வந்தார்கள். 2021இல் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. வருமானம் அப்படி வற்றும்போது, சரியும் சுவரைத் தள்ளிப்போட முடியாது. அறிக்கையைத் தள்ளிப்போடலாம். தள்ளிப்போடவும் படுகிறது.

வெளிநாட்டில் இதற்கென்றே ஒரு நிதி இருக்கிறது. ஷெல்பி வைட், லியோன் லெவி தம்பதியின் பணத்தில் 1997இல் தொடங்கிய ஹாவர்ட் திட்டம் புதிதாகத் தோண்டச் சல்லிக்காசும் தராது. முடிந்துபோய் வெளிவராமல் கிடக்கும் அகழ்வுகளை எழுதி முடிக்க மட்டுமே தரும். அது கவனிப்பது பெரும்பாலும் மத்தியதரைக் கடலோரமும் மேற்காசியாவும். தெற்காசியாவுக்கு அப்படியொன்று வந்தால் முதல் வேலை பழைய களஞ்சியப் பெட்டிகளில்தான் இருக்கும். பேராதனைப் பல்கலைக்கழகத் தொல்லியல் மாணவர் ஒருவருக்கு ஒரு பெட்டியும் ஓராண்டு உதவித்தொகையும் கொடுத்தால், ஆய்வேடும் ஆகும், அறிக்கையில் ஓர் அத்தியாயமும் ஆகும். 

ஆனால் பெட்டியோடு குழிக் குறிப்பேடும் கைக்கு வர வேண்டும். ஓட்டின் முதுகில் மையால் எழுதிய இலக்கம் எந்த அடுக்கைக் குறிக்கிறது என்பது அந்தக் குறிப்பேட்டில்தான் இருக்கிறது. தோண்டியவர் காலமாகி, குறிப்பேடும் தொலைந்துவிட்டால், எத்தனை கோடி கொட்டினாலும் அந்த ஓடு வெறும் ஓடுதான். குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து இரண்டு இடங்களில் வைப்பதற்கு ஆகும் செலவு, தோண்டும் ஆட்களின் ஒரு வாரக் கூலிக்குள் அடங்கிவிடும்.