மறுப்பினால் வளரும் கீர்த்தி

கடை வைத்திருப்பவனுக்குக் கொள்வார் தொகையே பெருமை. வந்தவருள் எத்தனை பேரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினோம் என்று எண்ணி, அந்த எண்ணைப் பெயர்ப்பலகையில் எழுதி வைக்கும் வணிகனை எவரும் கண்டதில்லை. ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாட்டின் புகழ்வாய்ந்த பல்கலைக்கழகங்கள் பல, இத்தகைய கணக்கொன்றையே தம் சிறப்புக்குச் சான்றாக நெடுங்காலம் காட்டி வந்துள்ளன. விண்ணப்பித்தோர் நூறு பேருள் இடம் பெற்றோர் எத்தனை பேர் என்பதே அக்கணக்கு. அவ்வெண் சிறுக்கச் சிறுக்கப் பல்கலைக்கழகத்தின் பெயர் பெருக்கும்.

இலங்கை நேயர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். இங்கே உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றைக் கொண்டு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மாணாக்கரைத் தெரிகின்றது. அரச பல்கலைக்கழகம் எதுவும் பிள்ளைகளின் வீடு தேடிக் கடிதம் எழுதுவதில்லை. அமெரிக்காவிலோ ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் மாணாக்கரைத் தானே தேடுகின்றது, தானே தெரிகின்றது. தேடுதலுக்கும் தெரிதலுக்கும் இடையிலேதான் இந்த வித்தை பிறந்தது.

1983ஆம் ஆண்டில் ‘யூ. எஸ். நியூஸ் அன்ட் வேர்ல்ட் றிப்போட்’ என்னும் சஞ்சிகை, நாட்டிற் சிறந்த கல்லூரிகள் எவையெனக் கல்லூரித் தலைவர்களிடமே வினவி, விடைகளைத் தொகுத்து ஒரு வரிசைப் பட்டியலை வெளியிட்டது. சில ஆண்டுகளில் அஃது ஆண்டுதோறும் வரும் பட்டியலாயிற்று. தலைவர்களின் அபிப்பிராயத்தோடு வகுப்புகளின் அளவு, ஆசிரியர் தகைமை, புதிதாய்ச் சேர்ந்தோரின் பரீட்சைப் புள்ளிகள், அனுமதிக்கப்பட்டோர் வீதம் முதலியனவும் கணக்கிற் சேர்ந்தன. இவற்றுள் இறுதியாகச் சொன்னதற்குப் பட்டியலிற் கிடைத்த பங்கு மிகச் சிறிது. ஆனால், பெற்றார் மனத்தில் எளிதிற் பதிந்தது அதுவே. நூற்றுக்கு ஐவரையே சேர்க்கும் இடம், ஐம்பதின்மரைச் சேர்க்கும் இடத்திலும் மேலானதாய்த்தானே இருத்தல் வேண்டும் என்று அவர்கள் எண்ணினர்.

அனுமதி வீதத்தைக் குறைப்பதற்கு வழிகள் இரண்டு. சேர்ப்போர் தொகையைக் குறைக்கலாம். அதனாற் கட்டண வருவாய் குன்றும். விண்ணப்பிப்போர் தொகையைப் பெருக்கலாம். அதற்குத் தபாற் செலவு போதும். பல்கலைக்கழகங்கள் இரண்டாவது வழியையே நாடின என்பதில் வியப்பில்லை.

பதினாறு, பதினேழு வயதில் பொதுப் பரீட்சை எழுதும் மாணாக்கன், தன் விபரங்களைக் கல்லூரிகளுக்கு வழங்க இசைவு தருகின்றான். அப்பரீட்சைகளை நடத்தும் கல்லூரிச் சபை அவ்விபரங்களைப் பல்கலைக்கழகங்களுக்கு விலைக்கு வழங்கி வந்தது. ஒரு பெயருக்கு 47 சதம் என 2019ஆம் ஆண்டில் செய்தி வெளியாயிற்று. சில வாரங்களில் அம்மாணாக்கன் வீட்டுக்குக் கடிதங்கள் வரும். பளபளப்பான தாளில் பழைய கோபுரங்களும் புல்வெளிகளும் காட்சி தரும். கடிதத்தின் முகப்பில் அவனுடைய பெயரே அச்சாகியிருக்கும். ‘உன்னைப் போன்றோரையே தேடுகின்றோம்’ என்னும் தொனி வரிதோறும் ஒலிக்கும். குடும்பத்தில் எவரும் பல்கலைக்கழகத்தை மிதித்தறியாத வீடாயின், அக்கடிதம் பாதி அனுமதியாகவே கொள்ளப்படும். ஏறத்தாழ 75 டொலர் கட்டணத்தோடு விண்ணப்பம் போகும். பங்குனி மாதத்தில் மறுப்புக் கடிதம் வரும். தன்னை அழைத்தவர்களே தன்னை மறுத்ததேன் என்பதை அப்பிள்ளைக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

ஹாவாட் பல்கலைக்கழகம் அனுமதி பெறும் வாய்ப்பு மிக அரிதான கறுப்பின மாணாக்கர் பலரையும் விண்ணப்பிக்குமாறு தூண்டியது என, வழக்கொன்றில் வெளிவந்த தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர் மூவர் 2019இல் எழுதினர். இத்தகைய கடிதங்கள் இல்லையேல் ஏழை வீட்டுப் பிள்ளையும் தூரத்துக் கிராமத்துப் பிள்ளையும் தம்மை நினைத்தே பார்க்கமாட்டார்கள் என்பது பல்கலைக்கழகங்கள் கூறும் நியாயம். அந்நியாயத்திலும் உண்மை உண்டு. அழைக்கப்பட்டோருள் இடம் பெற்றோரும் உளர். ஆனால், வாய்ப்பு எவ்வளவு என்பதைக் கடிதம் சொல்லாமல் விடுவது ஏன் என்ற வினாவுக்கு அந்நியாயம் விடையாகாது.

சிக்காகோ பல்கலைக்கழகத்தின் கதை இதில் தனிச் சுவை உடையது. கல்வியிற் கடுமைக்குப் பேர்போன இடம் அது. மகிழ்ச்சி இங்கு வந்துதான் மாண்டுபோகும் என்று அதன் மாணாக்கரே மேற்சட்டையில் அச்சிட்டு அணிந்து திரிந்தனர். அங்கே படிக்கத் துணிவோரே விண்ணப்பித்தமையால், 2005ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு நாற்பது பேர் வரையில் இடம் பெற்றனர். பின்னர்ப் பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பப் படிவத்தை அப்பல்கலைக்கழகமும் ஏற்றது, கடிதங்களும் பெருகின. 2013இல் விண்ணப்பங்கள் முப்பதினாயிரத்தைக் கடந்தன. அனுமதி வீதம் ஒன்பதுக்கும் கீழே இறங்கிற்று. நோபெல் பரிசாளர் பலரைக் கண்ட அந்தப் பல்கலைக்கழகம் 2005இலும் சிறந்ததாகவே இருந்தது என்பதை மறத்தலாகாது.

‘முன்முடிவு’ என்பது மற்றோர் உபாயம். நொவெம்பரிலேயே ஒரே ஓர் இடத்துக்கு விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வதாக மாணாக்கன் ஒப்பமிட வேண்டும். அழைத்தவர் தவறாமல் வருவர் என்ற உறுதி பல்கலைக்கழகத்துக்குக் கிட்டும். ஆகவே குறைந்த தொகையினரை அழைத்தே வகுப்பை நிரப்பலாம். ஆனால், எந்த இடம் கூடிய உதவிப்பணம் தரும் என ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வறிய பிள்ளை இவ்வழியிற் செல்ல அஞ்சுவான்.

விலையும் விளம்பரமாகும். பென்சில்வேனியாவிலுள்ள ஊர்சைனஸ் கல்லூரி 2000ஆம் ஆண்டில் தன் கட்டணத்தை 17.6 வீதம் உயர்த்தியது, உதவிப்பணத்தையும் கூட்டியது. விண்ணப்பங்கள் குறையவில்லை. முந்திய ஆண்டிலும் ஏறத்தாழ இருநூறு மிகுந்தன!

இவையெல்லாம் சட்டத்துக்கு உட்பட்டவை. எண்களையே பிழையாகக் கொடுத்த இடங்களும் உண்டு. 2021இல் வெளிவந்த பட்டியலில் நியூ யோக் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகம் இரண்டாம் இடத்தில் இருந்தது. அங்கேயே கணிதம் போதிக்கும் பேராசிரியர் மைக்கல் தடேயஸ் அதனை ஐயுற்றார். தம் வகுப்புகளில் 82.5 வீதமானவை இருபது பேருக்குக் குறைந்தவை எனப் பல்கலைக்கழகம் கூறியிருந்தது. எவரும் பார்க்கக்கூடிய பாட அட்டவணையைக் கொண்டு அவர் ஒவ்வொன்றாக எண்ணினார். 67 வீதத்தைக்கூட அவராற் காண முடியவில்லை. 2022 மாசியில் தம் கணக்கை அவர் வெளியிட்டார். புரட்டாதியில் பல்கலைக்கழகம் தவற்றை ஒப்புக்கொண்டு, 57 வீதமே சரியெனத் திருத்திற்று. அவ்வாண்டுப் பட்டியலில் அது பதினெட்டாம் இடத்துக்கு இறங்கியது. அந்த ஓராண்டில் அங்கே ஆசிரியரும் மாறவில்லை, நூல்நிலையமும் சுருங்கவில்லை.

அனுமதி வீதத்தைச் சஞ்சிகை 2018இலேயே தன் கணக்கினின்றும் நீக்கிவிட்டது. எனினும், அவ்வெண் குறைந்த செய்தியைப் பெருமையோடு அறிவிக்கும் வழக்கம் உடனே மறைந்துவிடவில்லை. இனிப் பட்டியலுக்கு விபரம் அனுப்புவதில்லை எனக் கொலம்பியா 2023 ஆனியில் அறிவித்தது. சஞ்சிகையோ தனக்குக் கிடைத்த ஏனைய தரவுகளைக் கொண்டு, அவ்வாண்டு புரட்டாதியில் அதனைப் பன்னிரண்டாம் இடத்தில் வைத்தது.