உயரம்னா பயம், ரயில்னா உயிர்

நான் தாயில்பட்டிக்காரன். வெடிச் சத்தத்துக்கு அசர மாட்டேன், உயரம்னா மட்டும் கால் கூசும். அடுத்த மாசம் சுவிட்சர்லாந்து ரயில். அங்க 1902-ல் கட்டி முடிச்ச லாண்ட்வாசர் பாலம்: 65 மீட்டர் உயரம், அதுவும் வளைவு, முடியுற இடத்துல நேரா சுரங்கம்.

ஒத்திகைக்கு சிவகாசியில கொல்லம் எக்ஸ்பிரஸ் ஏறினேன். செங்கோட்டை தாண்டினா 1904-ல் திறந்த மலைப்பாதை. பின்னாடி இன்னொரு இன்ஜின் தள்ளும். பதிமூணு கண் பாலத்துல அம்மா ஜன்னல்ல எட்டிப் பாத்தாங்க. நான் எதிர் சீட் கம்பியையே பாத்தேன்.

காரணம் இருக்கு. பாக்குறது ரொம்பத் தூரத்துல இருந்தா, நம்ம உடம்பு லேசா ஆடுறது கண்ணுக்குப் பிடிபடாது, தலை சுத்தும். உட்கார்ந்து, பக்கத்துல அசையாத ஒண்ணைப் பாத்தா மூளைக்கு ஃபீட்பேக் கிடைக்கும். படபடப்பு நிக்கல, குறைஞ்சுது. ஜன்னல் சீட்டை நண்பனுக்குக் கொடுத்தாச்சு.